ஒன்பது காலுறைகள்

அடுப்படிச் சுவரில் ஒட்டிய ஏற்றவற்ற அட்டவணைதான்
இந்தப் பள்ளியின் கால அட்டவணையும்.
கடல் வற்றினால் எதிர்த் திட்டிலிருந்து மூன்று பேர்
சேற்றில் நடந்து வருவார்கள்.
ஏறினால் நிபால்தோவின் அப்பா படகில் கொண்டுவந்து விடுவார்.
இரண்டுக்கும் நடுவில் என்றால்
மணியடித்துப் பயனில்லை,
கடற்காகங்கள்தான் எழுந்து பறக்கும்.

இன்று வற்றம் ஏழு மணிக்கு.
ஜூலை இருட்டில் டார்ச் வெளிச்சம் மூன்று
ஆடி ஆடி வந்தது, நடுவில் ஒன்று நின்றது,
திட்டியது, மறுபடி நடந்தது.

ஆளுக்கொரு விறகு, அதுதான் இங்கே கட்டணம்.
நகெல்கின் வீட்டு இரட்டையர் லூமாக் கட்டை கொண்டுவந்தார்கள்,
மத்தியானம்வரை நின்று எரியும்.
யஸ்னாவுடையது வழக்கம்போல ஈரம்.
ஈர விறகுக்காரர் புகைக்குப் பக்கத்தில் உட்காரவேண்டும் என்பது சட்டம்.
அவளுக்கு ஆறு வயது, சட்டத்தைப் பார்த்து
நாக்கை நீட்டினாள்.

ஜன்னலிலிருந்து வரைபடம்வரை ஒரு கம்பி.
அதில் காலுறைகளைக் காயப்போட்டேன்.
ஐந்து பிள்ளைகள், ஒன்பது காலுறைகள்.
எர்சீரா வலது காலை வாங்குக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.
"பூட்ஸை மீட்டுவிட்டேன் டீச்சர்,
உள்ளே இருந்ததைச் சேறு தரமாட்டேன் என்றுவிட்டது."

சீலே வரைபடத்தில் எங்கள் தீவு இல்லை.
பதினொரு வருடத்தில் யார் யாரோ பேனாவால் புள்ளி வைத்து
இப்போது பதினொரு தீவுகள் இருக்கின்றன,
ஒன்று அர்ஜென்டினாவுக்குள்.
நான் எதையும் அழிக்கவில்லை.

முதல் வகுப்புக்கு எழுத்து, மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல்,
நாலாம் வகுப்புக்கு எரிமலை, ஆறாம் வகுப்பு தூங்குகிறது.
ஆறாம் வகுப்பு என்றால் நிபால்தோ.
விடியுமுன் மட்டிக் கயிறு இழுக்கப் போயிருக்கிறான்,
விரல் இடுக்கில் இன்னும் பாசி.
பின்னம் வரும்வரை தூங்கட்டும் என்று விட்டேன்.
வந்ததும் எழுப்பாமலே சொன்னான்:
பிடிப்பதில் மூன்றில் ஒன்று படகுக்கு,
மிச்சத்தில் பாதி எண்ணெய்க் கடனுக்கு.
மீதி எவ்வளவு என்று கேட்டேன்.
"அதைத்தான் அம்மாவும் கேட்கிறாள்."

மாகாண அலுவலகத்திலிருந்து படிவம்.
மாணவர் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவு, கிலோமீட்டரில்.
எர்சீரா: வற்றத்தில் ஒன்றரை, ஏற்றத்தில் சுற்றி நாலு.
கட்டத்தில் ஓர் எண்ணுக்குத்தான் இடம்.
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.
ஆசிரியர் கூட்டங்கள் முறையாக நடக்கின்றனவா?
ஆம். வெள்ளி நாலு மணிக்கு, நானும் கெட்டிலும்.
தீர்மானங்கள் எல்லாம் ஒருமனதாக.

பதினொன்றரைக்கு ஆசிரியை சமையல்காரியாகிறாள்,
ஜெனரேட்டர் இருமினால் மெக்கானிக்.
ஊதா உருளைக்கிழங்கு, சோறு, இரட்டையர் கொண்டுவந்த ஒரு முட்டையை
ஐந்தாக வெட்டும் வித்தை.
மறுபடியும் பின்னம், இந்த முறை யாரும் தூங்கவில்லை.

இரண்டு மணிக்கு நீர் நிறைந்து படகு வந்தது.
எர்சீராவின் வெறும் காலுக்கு
என் சாம்பல்நிறக் காலுறையில் ஒன்றை மாட்டிவிட்டேன்.
தொடைவரை ஏறியது.
ராணிபோலப் படகில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

பிறகு துடைப்பம், சாம்பல், பதிவேடு.
ஐந்துக்கு ஐந்து.
ஐந்துக்கு ஐந்து என்று எழுதும்போது
எனக்கே ஒரு சின்ன வெற்றி, யாரிடமும் சொல்வதில்லை.

ஒன்பதரைக்கு ரேடியோ.
தீவுகளுக்கான சேதிகள்:
ரூபெர்த்தோ மியாலோங்கோவுக்கு, அறுவை முடிந்தது, அப்பா பேசுகிறார்.
மரியோலாவுக்கு, மாவு மூட்டை வியாழன் படகில்.
யாருடைய அடக்கமோ, சனிக்கிழமை, கடல் அனுமதித்தால்.
அணைக்கப் போனேன்.
அப்போது அதே குரல், அதே நிதானத்தில்:
ஆசிரியை சிகுவாய்க்கு,
இரவு வற்றத்தில் காலுறை கிடைத்தது.
உள்ளே ஒரு நண்டு இருந்தது.
நண்டை விட்டுவிட்டோம்.
உங்களுடையதைத் தர மகள் மறுக்கிறாள்.